செல்லிக்கு எதிரே உட்கார்ந்தவள்

சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டில் மதியம் ஆனால் தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்கும். அப்பா, சித்தப்பா, அத்தைகள் எல்லோரும் கூடத்தில் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் காயை ஒருவர் வெட்டித் தள்ளி, வாய்க்கு வந்தபடி திட்டி, கடைசியில் கட்டத்தையே கலைத்துவிட்டு எழுந்து போவோம். மறுநாள் மறுபடியும் உட்காருவோம். அப்படி வளர்ந்த பெண்ணைக் கல்யாணம் செய்து மலைமேல் இருக்கிற இந்த ஜமுனாமரத்தூருக்கு ஏற்றிக்கொண்டு வந்து, புளி மூட்டைகளுக்கு நடுவில் குடிவைத்தால் அவள் மதியத்தை என்ன செய்வாள்? நீங்கள் விசாரிக்க வந்தது இதை அல்ல என்று தெரியும், ஐயா. இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் கணவர் மலைக்காரர்களிடம் புளியும் தேனும் சாமையும் வாங்கிப் போளூருக்கு அனுப்புகிறவர். பாதி நாள் கீழேதான் இருப்பார். இந்த வீட்டுக்கு மதியம் வந்துகொண்டிருந்தவர்கள் இங்கே உத்தியோகத்துக்கு மாற்றலாகி வந்தவர்களின் மனைவிமார்கள். ஆடுபுலி ஆடுவோம், தாயம் ஆடுவோம். எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயிப்பேன். அவர்கள் வீட்டுச் சாமான்கள் எங்கள் லாரியில்தான் மேலே வரவேண்டும், அதனால். என் ஆட்டை வெட்டப் புலி தயாராக நிற்கும். எதிரே ஆடுகிற அம்மாள் வேண்டுமென்றே வேறு பக்கம் நகர்த்திவிட்டு, "அய்யோ, பாக்கலியே அக்கா" என்பார். அப்படி ஜெயிப்பதைவிட அவமானம் வேறில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்பத்து நாலாம் வருடம் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கையடக்கமான ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தான். பேட்டரி போட்டால் கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு மனிதன் மேலிருந்து விழுகிற பழங்களைக் கூடையில் பிடிப்பான். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சத்தம். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். நானும் ஒரு வாரம் ஆடினேன். பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எதிரே ஆள் இல்லாத ஆட்டம் அது. தோற்றால் யாரிடம் தோற்றோம், ஜெயித்தால் யார் முகம் வாடியது? ஆட்டம் என்பது எனக்கு எதிரே இருக்கிற முகம்தான். அந்த முகம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் தவிக்கிற தவிப்புதான்.

அந்த முகத்தை நான் சந்தையில் பார்த்தேன். தேன் வைத்திருந்த சட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பெண் சாக்குத் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கரியும் சுண்ணாம்பும் செம்மண்ணும்தான் வண்ணம். பாறைகள், பாறை இடுக்குகளில் தேனடைகள், மூன்று கரடிகள், கீழே வரிசையாக மனிதர்கள். ஆடுபுலிக் கட்டம் போலத் தெரிந்தது, ஆனால் அது இல்லை.

"இது இன்னா ஆட்டம்?" என்று கேட்டேன்.

"கரடியாட்டம்மா."

"யார் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. நானே கட்டுனது."

மனிதர்கள் கரடிகளுக்குச் சிக்காமல் மேலே ஏறித் தேனை எடுத்துவர வேண்டும். கரடியைச் சுற்றி வளைத்தால் அது அங்கேயே நின்றுவிடும். ஆனால் பிடிபட்ட மனிதன் வெளியே போவதில்லை. அவன் கரடியாகிப் பிடித்தவர்களின் பக்கம் சேர்ந்துகொள்வான். அதனால் ஒரு காய் போனால் ஒன்று குறைவதோடு எதிர்ப்பக்கம் ஒன்று கூடியும் விடும். சந்தை இரைச்சலுக்கு நடுவில், மண்ணில் உட்கார்ந்து ஆடினேன். தோற்றேன். பக்கம் மாற்றி ஆடினேன், மறுபடியும் தோற்றேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் தேனை வாங்குவதே என் கணவர்தான். இருந்தும் என் கடைசி ஆளைக் கரடியாக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். என் கல்யாணத்துக்குப் பிறகு என்னை நேர்மையாகத் தோற்கடித்த முதல் ஆள் செல்லிதான்.

அதன்பிறகு அவளுக்கு நான் செய்ததை இந்த ஊரே சொல்லும். பின்கட்டில் வெளிச்சம் வருகிற கூடத்தைக் காலிசெய்து அவளுக்குத் தங்கக் கொடுத்தேன். வேலூரிலிருந்து வண்ணப்பொடியும் தூரிகையும் தருவித்தேன், ஆரணியிலிருந்து கெட்டித் துணி. அவள் புருஷன் காசிக்கு ஜமுனாமரத்தூருக்கு அப்பால், அரைநாள் நடக்கிற தூரத்தில் கொஞ்சம் சாமைக் காடு இருந்தது. அவன் அங்கே இருப்பான். சந்தை நாளில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவான். நல்ல கைவேலைக்காரன். ஆட்டத்துக்கான கரடிகளையும் மனிதர்களையும் அவன்தான் மரத்தில் செதுக்கிக் கொண்டுவருவான். ஒவ்வொரு கரடிக்கும் ஒவ்வொரு முகம் இருக்கும்.

காலையில் செல்லி துணியில் வரைவாள். மதியம் நானும் அவளும் ஆடுவோம். மற்றப் பெண்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிது புதிதாக ஆட்டம் கட்டினாள். மழைவெள்ளத்தில் காட்டாறு தாண்டுகிற ஆட்டம் ஒன்று, புளி உலுக்குகிறவர்கள் ஆட்டம் ஒன்று. எல்லாவற்றிலும் முதலில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் ஆடிப் பார்ப்பாள். ஊரில் எவ்வளவோ பேர் கோயில் கட்டுகிறார்கள், அன்னதானம் போடுகிறார்கள். கையில் வித்தை உள்ள ஒரு ஏழைப் பெண்ணுக்கு நிழல் கொடுக்க எவளுக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு துணியின் மூலையிலும் சகுந்தலா என்று என் பெயரைச் சிவப்பு நூலில் தைத்துவைத்தேன். வீட்டில் உள்ள பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

வேலூரில் பொம்மைக்கடை வைத்திருக்கிற ராஜாக்கண்ணு என்பவர் தேன் வாங்க வந்தார். கூடத்தில் விரித்திருந்த துணிகளைப் பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் குனிந்து மூலையைப் பார்த்தார்.

"சகுந்தலான்றது யாருங்க?"

"நான்தான்."

"செஞ்சது யாருங்க?"

செல்லி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளிடம் திரும்பி, "உன் பேரு எங்கம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கிளம்பும்போது, "எப்ப வேணா வேலூருக்கு வாங்க, கடை வாசல்ல இடம் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சந்தை நாளில் செல்லியும் காசியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் காய்களை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"சாமை அறுப்பு முடிஞ்சதும் நாங்க வேலூருக்குப் போலாம்னு இருக்கோம்மா. நாங்களே செஞ்சி நாங்களே விக்கிறது. நான் துணி வரைஞ்சா அவரு காயி செஞ்சிருவாரு."

"அப்ப என்கூட யார் ஆடறது?"

அவள் சிரித்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "உங்களுக்கா ஆள் இல்ல?" என்றாள்.

இந்த நான்கு சுவரையும் இத்தனை நாள் பார்த்த ஒருத்தி அப்படிக் கேட்டாள். நான் அன்று கோபப்படவில்லை. காயை நகர்த்தினேன். தோற்றேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். அவளைப் போகாதே என்று சொன்னால் போய்விடுவாள். காசியைப் போகாதே என்று சொன்னாலும் அப்படியே. அவள் இங்கே இருக்கவேண்டுமானால் அவன் இல்லாமல் இருக்கவேண்டும். கொஞ்ச காலத்துக்கு மட்டும். இதில் யாரையும் வெறுத்து நான் எதுவும் செய்யவில்லை, ஐயா. காசிமேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

பூஜையறைக் கதவுக்கென்று என் கணவர் ஏலத்தில் முறையாக எடுத்து வைத்திருந்த சந்தனக் கட்டைகள் உள்ளறையில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். முழங்கை நீளம், நல்ல வைரம் பாய்ந்தது. அடுத்த சந்தை நாளில் காசியைப் புளிக் கிடங்குக்குத் தனியாக வரச்சொல்லிக் கொடுத்தேன். செல்லிக்கு நான் தருகிற சீதனம் என்று சொன்னேன். இதில் கரடிகளும் மனிதர்களும் செதுக்கித் தா, வேலூருக்குப் போகும்போது அவள் கையில் கொடுப்போம், அதுவரை அவளிடம் மூச்சுவிடாதே என்றேன். கட்டை பெரிதாக இருக்கிறது, போளூரில் கடைசல் பட்டறையில் கொடுத்துத் துண்டு போட்டுக்கொண்டு வா என்றும் நான்தான் சொன்னேன்.

அவன் கட்டையை முகர்ந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "நீங்க எங்களுக்குத் தாய் மாதிரிம்மா" என்றான். சாக்கில் சுற்றி நானே கட்டிக் கொடுத்தேன்.

எங்கள் லாரி ஓட்டுகிற சடையன் அதற்கு முன்பே கீழே போயிருந்தான். மலையடிவாரச் செக்போஸ்டில் சொல்லச் சொல்லி அவனிடம் நான் சொல்லியனுப்பியது இதுதான்: சாயங்கால பஸ்ஸில் காசி என்பவன் வருவான், பெரிய கும்பலுக்குக் கட்டை சுமக்கிறவன். சடையன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்கிறீர்கள். சொல்லட்டும். அவன் பொய் சொல்கிறவன் அல்ல.

காசியைப் பிடித்தார்கள். கும்பல் எங்கே என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். இல்லாத கும்பலை அவன் எங்கிருந்து காட்டுவான்? சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவர் கட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் புளியைத் தவிர எதையும் எண்ணிப் பார்ப்பவரல்ல.

செய்தி வந்ததும் செல்லி சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "அவரு ஒரு விறகுகூட காட்டுக்காரங்களக் கேக்காம எடுக்க மாட்டாரும்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். வக்கீல் வைத்திருக்கிறேன் என்றேன். வைக்கவில்லை. போய்ப் பார்க்கவேண்டும் என்று அழுதாள். நீ போனால் உன்னையும் சேர்த்துப் பிடித்துப்போடுவார்கள், வக்கீல் சொல்கிறார் என்றேன். சந்தைக்குப் போகாதே, திருடன் பெண்டாட்டி என்று பேசுவார்கள் என்றேன். எல்லாவற்றையும் நம்பினாள். நம்பும்படியாகத்தான் நான் நடந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு நானே கரைத்து வைத்த வண்ணத்தைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கை சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று சொன்னேன். வரைய ஆரம்பித்தாள். மதியம் ஆடவும் ஆரம்பித்தாள். அந்த மழைக்காலம் நன்றாக இருந்தது என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

காசிக்குச் சிறையில் காமாலை கண்டுவிட்டது. அது என் கணக்கில் இல்லை. அவன் அண்ணன் மாதையன் மழையில் நனைந்துகொண்டே இந்த வாசலில் வந்து நின்றான். வேட்டியெல்லாம் சேறு.

"தம்பி பூட்டாம்மா. பொணத்த எடுத்தாந்துட்டோம். செல்லியக் கூட்டிம் போவணும்."

செல்லி பின்கட்டில் இருந்தாள். ஒரு துணி பாதியில் இருந்தது, அவள் வரைந்ததிலேயே பெரியது. மலை முழுவதும் அதில் இருந்தது. ஊர் ஊராக, ஓடை ஓடையாக. இப்போது போனால் அதை முடிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"செல்லி இங்க இல்லியே மாதையா. வேலூருக்குப் போயிருக்கா" என்றேன்.

"எப்ப வரும்?"

"தெரியாது."

அவன் நம்ப முடியாமல் நின்றான். மோர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனான். பெண்டாட்டி முகம் பார்க்காமலே காசியைப் புதைத்தார்கள். நான் உள்ளே போனபோது செல்லி, "யாரும்மா?" என்று கேட்டாள். தேன் விற்க வந்தவன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் வாரா வாரம் அவளுக்குப் பூ வாங்கித் தந்தேன். இது உங்களிடம் வந்த புகாரில் இருக்காது. அவள் தலை பின்னிக்கொண்டு, பொட்டு வைத்து, பூ வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்காருவாள். வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்பாள். தை மாதத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்பேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிறகு காயை நகர்த்துவாள். அந்த வெளிச்சத்துக்காகத்தான் நான் சொன்னேன். வேறு யார் அவளுக்கு அதைக் கொடுத்திருப்பார்கள்?

பெரிய துணி முடிந்தது. அதை மடித்து வைத்துவிட்டு நான் ஒரு கல்யாணத்துக்காகப் போளூர் போயிருந்தேன். அன்று பார்த்து அவள் நூல் வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறாள். அங்கே மாதையன் இருந்திருக்கிறான். காசி சாவதற்கு முன்னால் கட்டை எங்கிருந்து வந்தது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். மாதையன் அன்று மோரைக் குடிக்காமல் கீழே வைத்தது ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் திரும்பி வந்தபோது செல்லி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அந்தக் கட்டய நீங்களா குடுத்தீங்க?"

"ஆமா."

"மாதையன் மாமா வந்து நின்னப்ப நான் உள்ளதான இருந்தேன்?"

"ஆமா."

"எதுக்கும்மா?"

"நீ போறேன்னு சொன்னியே" என்றேன். வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் கத்துவாள், என்மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, காசி செதுக்கிய காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். துணிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றிலும் என் பெயர் இருந்தது அல்லவா? விட்டுவிட்டுப் போனாள். கலெக்டருக்கு மனு கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

இப்போது வேலூரில் ராஜாக்கண்ணு கடை வாசலில் உட்கார்ந்து வரைகிறாளாம். ஆள் அனுப்பி ஒரு துணி வாங்கிவரச் சொன்னேன். மூலையில் செல்லி என்றும் காசி என்றும் இரண்டு பெயர் கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். செத்தவன் பெயருக்கு அந்த மூலையில் இடம் இருக்கிறது. சோறு போட்டவளுக்கு, வண்ணம் வாங்கித் தந்தவளுக்கு, முதன்முதலில் அந்தக் கையில் வித்தை இருக்கிறது என்று கண்டுசொன்னவளுக்கு இடம் இல்லை. நன்றி எதிர்பார்த்து நான் எதுவும் செய்யவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். காசியைப் பிடித்த மறுநாள் காட்டிலாகா அதிகாரி அவனை இந்த வீட்டுக்கு அழைத்துவந்தாரா என்று. வந்தார். நான் மறைக்கவில்லை.

மதியம்தான். நானும் செல்லியும் பின்கட்டில் கரடியாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். காசி பிடிபட்ட செய்தி அவளுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். கட்டை கொடுத்தவர் என்று அவன் என் பெயரைச் சொல்வான், அழைத்துக்கொண்டு வருவார்கள் என்றும் எதிர்பார்த்திருந்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் டிரான்சிஸ்டரைத் திருகிச் சத்தம் கூட்டி வைத்தேன். "உன் முறை, நல்லா யோசி" என்று செல்லியிடம் சொல்லிவிட்டு, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அவன் கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "தோ அம்மாவே வந்துட்டாங்க. சொல்லுங்கம்மா, நீங்கதான குடுத்தீங்க" என்றான்.

"இவன் சொல்றது நெசமாங்க?" என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கயிற்றை அங்கேயே அவிழ்த்திருப்பார்.

"சந்தைக்கு வர்ற ஆளு. மொகம் தெரியும். கட்டையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

காசி என்னைத் திட்டவில்லை. எனக்கு ஏதோ மறந்துபோய்விட்டது என்று நினைத்தான்போல. "கிடங்குல, சாக்குல சுத்தி, நீங்கதான கட்டிக் குடுத்தீங்க, நெனச்சிப் பாருங்கம்மா" என்று பொறுமையாக நினைவுபடுத்தினான். அவனை ஜீப்பில் ஏற்றும்போதுதான் உள்ளே பார்த்துச் செல்லி, செல்லி என்று கூப்பிட்டான். உரக்கத்தான் கூப்பிட்டான். ஜீப் போய்விட்டது.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"யாரோ என்னைக் கூப்புட்ட மாதிரி இருந்திச்சிம்மா" என்றாள்.

"ரேடியோவில" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஒரு காயை நகர்த்தினாள். கவனம் கலைந்திருந்தது. வழக்கமாகச் செய்கிற நகர்த்தல் அல்ல அது. அன்று நான் ஜெயித்தேன். செல்லியிடம் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த ஆட்டத்தில் நான் ஒரு காயைக்கூடத் திருட்டுத்தனமாக நகர்த்தவில்லை. சந்தேகம் இருந்தால் செல்லியையே கேட்டுப்பாருங்கள்.